கிளீவ்: பிளப்பதா, ஒட்டுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர் மகளின் திருமணம், நாகர்கோவில் பக்கம் ஒரு தேவாலயத்தில். ஆங்கிலத்தில் பேசிய போதகர் 'லீவ் அண்ட் கிளீவ்' என்று மூன்று நான்கு முறை சொன்னார். பெற்றோரை விட்டு வா, துணையோடு ஒட்டிக்கொள் என்று பொருள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் இலையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டான்: "அங்கிள், கிளீவ்னா பிளக்கறதுதானே? கல்யாணத்துல எதுக்கு அதைச் சொல்றாரு?" பையன் உயிரித்தொழில்நுட்பம் படிக்கிறான். நொதி புரதத்தை 'கிளீவ்' செய்கிறது என்று தினமும் நோட்டில் எழுதுகிறவனுக்கு வேறென்ன தோன்றும்? பாயசம் வருவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அன்றைக்கு அரைகுறையாகச் சொன்னதையும், அதற்குப் பிறகு மற்றவர்கள் கேட்டதையும் இங்கே ஒன்றாக வைத்திருக்கிறேன்.

சரி, கிளீவ் என்றால் பிளப்பதா, ஒட்டுவதா?

இரண்டும்தான். எது என்பதை அடுத்து வரும் சொல் காட்டிக்கொடுத்துவிடும். வினைக்குப் பின்னால் நேராகப் பொருள் வந்தால், அதாவது விறகையோ பாறையையோ 'கிளீவ்' செய்தான் என்றால், பிளத்தல். நடுவில் 'டு' வந்தால், பழைய நடையில் 'அன்டு' வந்தால், ஒட்டுதல்: நாக்கு மேல்வாயோடு, ஈரத்துணி உடம்போடு, மனிதர் தன் கொள்கையோடு. அகராதியைப் பார்க்கும்போது வருகிற திகைப்பு வாக்கியத்தில் படிக்கும்போது பெரும்பாலும் வராது. போதகர் பேசியதில் எதுகைக்காக அந்த 'டு' விடுபட்டுவிட்டது, பையன் மாட்டிக்கொண்டான்.

ஒரே சொல்லுக்கு எப்படி நேரெதிரான இரண்டு பொருள் வந்தது?

ஒரே சொல்லாக இருந்தால்தானே! இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். நம் 'மாலை' மாதிரி. சாயங்காலத்துக்கும் பூமாலைக்கும் உறவு தேடி யாரும் அலைவதில்லை. ஓசை ஒன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். கிளீவ் விஷயத்தில் இரண்டு பொருளும் எதிரும் புதிருமாக அமைந்துவிட்டதால் ஏதோ தத்துவம் இருப்பதுபோலத் தெரிகிறது.

பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066இல் நார்மன்கள் வந்து மொழியைக் கலக்குவதற்கு முன்னால், பிளப்பதற்கு இருந்த வினை 'கிளேயோஃபன்'. ஒட்டுவதற்கு இருந்தது 'கிளிஃபியன்'. தமிழ் எழுத்தில் அந்த ஒலியைச் சரியாகக் காட்ட முடியாது, ஏறக்குறைய இப்படித்தான். இரண்டும் இரண்டு வகை வினைகள். முதலாவது, காலம் மாறும்போது உள்ளுக்குள் இருக்கும் உயிரொலியையே மாற்றிக்கொள்ளும் வகை. இன்றைய ஆங்கிலத்தில் 'சிங், சாங், சங்' மாறுகிறதே, அப்படி. இரண்டாவது, கடைசியில் ஒரு விகுதியைச் சேர்த்துக்கொண்டு சாதுவாகப் போகும் வகை. அந்தக் காலத்து ஆங்கிலேயர் ஒருவரிடம் இரண்டையும் குழப்பிக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தால் அவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது.

பிறகு எப்போது கலந்தன?

இடைக்கால ஆங்கிலத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. பழைய ஆங்கிலத்தின் 'ஏயோ' என்ற கூட்டு உயிர் தேய்ந்து 'ஏ' ஆனது. ஒட்டுகிற வினையில் இருந்த குறிலும் பல வட்டாரங்களில் நீண்டு அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வினைகளின் பின்னொட்டுகளும் தேய்ந்து உதிர்ந்தன. ஆக, 14ஆம் நூற்றாண்டு வாக்கில் இரண்டு வினையும் 'கிளேவன்' என்கிற மாதிரி ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. அப்புறம் ஆங்கில நெடில்கள் எல்லாம் ஒரு சுற்று இடம்பெயர்ந்தபோது அந்த 'ஏ' 'ஈ' ஆகி, இன்றைய கிளீவ் கிடைத்தது.

இது தவிர்க்க முடியாத விபத்து ஒன்றும் இல்லை. அக்கம்பக்கத்து மொழிகளைப் பாருங்கள். ஜெர்மனில் பிளப்பது 'கிளீபன்', ஒட்டுவது 'கிளேபன்'. முதலாவது இன்று பொது வழக்கில் இல்லாவிட்டாலும் ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் விறகு பிளப்பதற்கு இன்னமும் அதைத்தான் சொல்கிறார்கள். டச்சில் 'கிளீவன்' பிளப்பது, 'கிளேவன்' ஒட்டுவது. சுவீடிஷ் மொழியிலும் தனித்தனிதான். சின்ன ஒலி வித்தியாசத்தில் அவர்கள் இரண்டையும் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலம் அதைத் தொலைத்துவிட்டது.

இரண்டுக்கும் இன்னும் பழைய வேர் உண்டா?

உண்டு, அங்கேயும் தனித்தனிதான். பிளக்கிற கிளீவின் இந்தோ-ஐரோப்பிய மூலம், அதாவது ஆங்கிலம், கிரேக்கம், லத்தீன் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழியில் இருந்த வேர், 'குளெயூப்' என்பதுபோல ஒலித்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் மீட்டமைத்திருக்கிறார்கள். வெட்டு, செதுக்கு, உரி என்பது அதன் பொருள் வட்டம். கிரேக்கத்தில் அதுவே 'குளுஃபைன்', செதுக்குதல். எகிப்தியச் சித்திர எழுத்தை 'ஹைரோகிளிஃப்' என்கிறோமே, 'புனிதச் செதுக்கல்' என்று அதற்குப் பொருள். அதில் இருக்கும் 'கிளிஃப்' இந்தக் கிளீவுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். லத்தீனில் 'குளூபரே', பட்டை உரித்தல். கசாப்புக்கடைக் கத்தியும் பிரமிடுச் சுவரில் உள்ள எழுத்தும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு நாள் முழுக்க சந்தோஷமாக இருந்தது.

ஒட்டுகிற கிளீவின் வேர் 'குளெய்' என்பதுபோன்ற ஒன்று. பிசுபிசுப்பு, பசை. களிமண்ணுக்கு ஆங்கிலத்தில் 'கிளே', பசைக்கு 'குளூ', கோதுமை மாவை இழுத்தால் அறுந்துபோகாமல் நீள வைக்கும் 'குளூட்டன்', எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரிப்பதற்குத் துணை நிற்பது கிளீவின் இந்தப் பாதிதான்.

கிரேக்கத்திலும் லத்தீனிலும் 'க' மெலிந்து ஒலிக்க, ஆங்கிலத்தில் வல்லொலியாக இருப்பதற்குக் காரணம் ஜெர்மானிய மொழிகளில் மெய்யெழுத்துகள் மொத்தமாக இடம்மாறியது. 1822இல் ஜேக்கப் கிரிம் இதை ஒழுங்காக விளக்கினார். தம்பியோடு சேர்ந்து நாட்டார் கதைகளைத் தொகுத்த அதே கிரிம்தான்.

ஆங்கில பைபிளில் இரண்டு பொருளும் வருகிறதாமே?

1611இல் வெளியான ஜேம்ஸ் அரசர் பதிப்பில் வருகிறது. இந்தச் சொல் இன்றைக்கும் உயிரோடிருக்க அந்தப் பதிப்பு ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. ஆதியாகமம் 2ஆம் அதிகாரத்தில் கணவன் மனைவியோடு 'கிளீவ்' ஆகிறான். அதே புத்தகத்தின் 22ஆம் அதிகாரத்தில் ஆபிரகாம் பலிக்கான விறகை 'கிளேவ்' செய்கிறார், அதாவது பிளந்தார். ரூத்தின் கதையில் ஓர்பாள் மாமியாரை முத்தமிட்டு விடைபெற, ரூத் மட்டும் மாமியாரை 'கிளேவ்', அதாவது பற்றிக்கொண்டாள். கவனியுங்கள், நிகழ்காலம் மட்டுமல்ல, இறந்தகாலமும் ஒன்றேதான்.

தமிழ் பைபிளை எடுத்து இதே வசனங்களைப் பார்த்தால் சிக்கலே இல்லை. கணவன் மனைவியோடு 'இசைந்திருப்பான்', ஆபிரகாம் கட்டைகளைப் 'பிளந்து', ரூத் விடாமல் 'பற்றிக்கொண்டாள்', சங்கீதம் 137இல் நாவு மேல்வாயோடு 'ஒட்டிக்கொள்வதாக'. ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்துச் சமாளித்த இடங்களில் தமிழில் நான்கு சொற்கள். அதிலும் அந்த 'இசைந்திருப்பான்' இருக்கிறதே, ஒட்டு, பற்று என்று எதை எழுதியிருந்தாலும் இவ்வளவு அழகாக வந்திருக்காது.

இதன் இறந்தகாலம் எது? கிளோவ், கிளெஃப்ட், கிளீவ்ட்… எது சரி?

ஆங்கில ஆசிரியர்களையே தடுமாற வைக்கும் இடம் இது. வரலாற்றுக் கணக்குப்படி, உயிரொலியை மாற்றும் உருவங்கள் பிளக்கிற வினைக்குச் சொந்தம். 'கிளோவ்', 'கிளோவன்' அங்கிருந்து வந்தவை. 'கிளெஃப்ட்' இடைக்காலத்தில் புதிதாக முளைத்தது, அதுவும் பிளக்கிற பக்கம். சாதாரண 'கிளீவ்ட்' ஒட்டுகிற வினைக்கு உரியது. ஆனால் மேலே பார்த்தோமே, 1611லேயே இந்த வேலி பிடுங்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு நடைமுறை இப்படி: ஒட்டுதலுக்கு 'கிளீவ்ட்' தவிர வேறு எதையும் எழுதாதீர்கள். பிளத்தலுக்கு, ஆய்வுக் கட்டுரை என்றால் 'கிளீவ்ட்', கதை கவிதை என்றால் 'கிளெஃப்ட்' அல்லது 'கிளோவ்'. 'கிளேவ்' பைபிளோடு போயிற்று.

இதில் வேடிக்கை, பெயரடையாக உறைந்துபோன உருவங்கள்தான். மாடு ஆடுகளின் பிளவுபட்ட குளம்பு எப்போதும் 'கிளோவன்'. பிறவியிலேயே அண்ணத்திலும் உதட்டிலும் இருக்கும் பிளவு எப்போதும் 'கிளெஃப்ட்'. இவற்றை மாற்றிச் சொன்னால் யாரும் தவறு என்று சட்டம் காட்ட முடியாது, ஆனால் காதில் உறுத்தும். ஏன் குளம்புக்கு அது, அண்ணத்துக்கு இது என்றால், வழக்கம் என்பதைத் தவிர காரணம் சொல்ல முடியாது.

பிளப்பதற்கு 'ஸ்பிளிட்' என்று எளிமையான சொல் இருக்கும்போது இது எதற்கு?

நம் பார்வையில் ஸ்பிளிட் தாத்தா காலத்துச் சொல் போலத் தெரியும். உண்மையில் அதுதான் புதுவரவு. 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டச்சுப் பக்கமிருந்து வந்தது. கப்பல் பாறையில் மோதி உடைவதைச் சொல்லத்தான் முதலில் பயன்பட்டது. கிளீவ் அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. வந்தவன் கடைசியில் வீட்டையே எடுத்துக்கொண்டான். இரண்டு பொருள் குழப்பம் இருந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் குழப்பமில்லாத ஒன்று வந்து நின்றால் ஜனங்கள் எதை எடுப்பார்கள்?

நடுவில் 'ரைவ்' என்று இன்னொன்றும் உண்டு. வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. வினையாக இன்று மரவேலைக்காரர்களிடமே மிச்சமிருக்கிறது. 'ரிவன்' என்ற பெயரடை மட்டும் செய்தித்தாளில் உள்கட்சிப் பூசலைச் சொல்ல வரும். கிழக்கு ஆப்பிரிக்கப் பெரும் பிளவுப் பள்ளத்தாக்கின் பெயரில் உள்ள 'ரிஃப்ட்' அதே ஸ்காண்டிநேவியக் குடும்பம்.

மரவேலையில் கிளீவ் செய்வதும் அறுப்பதும் ஒன்றில்லையா?

இல்லவே இல்லை. இந்தச் சொல்லின் உண்மையான வீடே இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

ரம்பம் நேர்கோட்டில் போகும். மரத்தின் நார் எங்கே வளைகிறது, எங்கே நெளிகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டில்லை. குறுக்கே வந்த நாரை அறுத்துத் தள்ளிவிட்டுப் போகும். பிளப்பது அப்படி இல்லை. ஆப்பை வைத்து அடித்தால் பிளவு நாரோடு ஓடும். நார் வளைந்தால் அதுவும் வளையும். வெளியே வரும் துண்டில் நார்கள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் இருக்கும். அதனால் அதே கனமுள்ள அறுத்த பலகையைவிட அது உறுதி. நார் அறுபட்ட வாய்கள் குறைவு என்பதால் ஈரமும் எளிதில் உள்ளே ஏறாது.

இங்கிலாந்தின் கென்ட், சசெக்ஸ் பக்கம் இன்றும் செஸ்ட்நட் மரத்தைப் பிளந்து வேலி போடுகிறார்கள். மரத்தை அடியோடு வெட்டி, கட்டையிலிருந்து துளிர்விடும் கிளைகளைப் பத்துப் பதினைந்து ஆண்டு வளரவிட்டு மறுபடி வெட்டுவது அங்கே பழைய முறை. அந்தக் கம்புகளைப் பச்சையாக இருக்கும்போதே பிளப்பார்கள். கருவியின் பெயர் 'ஃப்ரோ'. கத்தி மாதிரி நீளமான அலகு, அதற்குச் செங்குத்தாக மேல்நோக்கி நிற்கும் மரப்பிடி. அலகைக் கம்பின் தலையில் வைத்து மரக்கட்டையால் ஒரு அடி, பிறகு பிடியை நெம்பினால் பிளவு கீழே ஓடும். பார்க்கச் சுலபம். எப்போதும் சரிபாதியாகப் பிளக்க வேண்டும் என்பதுதான் ரகசியம். பாதி, பாதியில் பாதி, அதில் பாதி. ஒரு பக்கம் மெலிந்து பிளவு விலகி ஓடத் தொடங்கினால், தடித்த பக்கத்தைக் கீழே வைத்து அழுத்தி வளைத்தால் பிளவு திரும்பித் தடித்த பக்கம் வரும். நல்ல கை உள்ளவர் பிளவை மாட்டை ஓட்டுவதுபோல ஓட்டிக்கொண்டு போவார்.

வைக்கிங் கப்பல்களின் ஓக் பலகைகள் ரம்பம் படாதவை. பெரிய மரத்தை ஆப்பு வைத்து இரண்டாக, நான்காக, எட்டாக, மேலும் மேலும் பிளந்து, வட்டத்தை ஆரஞ்சுச் சுளை மாதிரி பிரித்து, கோடாலியால் செதுக்கிப் பலகை எடுத்தார்கள். 1042இல் டப்ளின் பக்கத்தில் கட்டிய ஒரு போர்க்கப்பல், டென்மார்க்கின் ரோஸ்கில்ட் கழிமுகத்தில் மூழ்கிக் கிடந்தது. சுமார் 30 மீட்டர் நீளம். அங்குள்ள வைக்கிங் கப்பல் அருங்காட்சியகத்தார் அதைப் பார்த்து, பழைய கருவிகளை வைத்தே ஒரு புதிய கப்பலைக் கட்டி 2004இல் தண்ணீரில் இறக்கினார்கள். 2007இல் அது டப்ளினுக்கே கடல்வழியாகப் போய்ச் சேர்ந்தது. மெல்லிய பலகைதான், ஆனால் அலையில் முறியாமல் வளைந்து கொடுக்கும். நார் அறுபடாததன் பலன் அதில் உண்டு.

கல்லையும் வைரத்தையும் கிளீவ் செய்வது எப்படி?

சில பாறைகளிலும் தாதுக்களிலும் பிணைப்பு பலவீனமான தளங்கள் இருக்கும். அங்கே சரியாகத் தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். அந்தக் குணத்துக்கே 'கிளீவேஜ்' என்று பெயர். அபிரகம் ஒரே திசையில் தாள் தாளாகப் பிரியும். வைரம் நான்கு திசைகளில்.

பழைய பள்ளிக்கூடச் சிலேட்டு நினைவிருக்கிறதா? அந்தக் கல்லின் பெயரே பிளந்த துண்டு என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வேல்ஸின் வடமேற்கில் மலை மலையாகச் சிலேட்டு எடுத்தார்கள்; அந்த நிலப்பகுதி 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிளக்கிறவர் கல்லைத் தொடையில் சாய்த்துக்கொண்டு, அகலமான மெல்லிய உளியும் மரச் சுத்தியலுமாக, மரத்தைப் போலவே பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டு போவார். கூரைக்கான துண்டுகளுக்கு அளவுப்படி டச்சஸ், கவுன்டஸ், லேடி என்று சீமாட்டிகளின் பட்டங்களைப் பெயராக வைத்திருந்தார்கள். யார் குறும்போ!

அந்தக் கல் படிந்த அடுக்கு வேறு, பிளக்கிற தளம் வேறு என்று 1835இல் நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். அழுத்தத்தில் தகட்டு வடிவத் துகள்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொள்வதுதான் காரணம் என்று 1853இல் இன்னொரு நிலவியலாளர் ஹென்றி சோர்பி விளக்கினார்.

வைரத்தில் பெரிய கதை கல்லினனுடையது. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த 3,106 காரட் கல். ஆம்ஸ்டர்டாமில் வைரம் வெட்டும் நிபுணர் ஜோசப் ஆஷர் 1908 பிப்ரவரியில் அதைப் பிளந்தார். கடைசியில் அதிலிருந்து 9 பெரிய கற்களும் 96 சிறிய கற்களும் வந்தன. பிளந்த கணத்தில் ஆஷர் மயங்கி விழுந்தார் என்று ஒரு கதை உலவுகிறது. நான் நம்பவில்லை.

உயிரியல் மாணவர்களுக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு அடிக்கடி வருகிறது?

தெருவில் செத்துப்போன சொல் ஆய்வகத்தில் பிழைத்துக்கொண்டது. கருவுற்ற முட்டை இரண்டு, நான்கு, எட்டு என்று பிரிவது 'கிளீவேஜ்'. நொதி புரதத்தையோ டிஎன்ஏவையோ குறிப்பிட்ட இடத்தில் வெட்டுவது 'கிளீவ்'. ஏன் 'கட்' போதாது என்றால், கத்தி எங்கே வேண்டுமானாலும் வெட்டும். நொதி தனக்கான இடத்தில் மட்டும்தான் வெட்டும். ஆப்பு நாரைத் தேடுவது மாதிரி, வைரம் தன் தளத்தில் மட்டும் பிரிவது மாதிரி.

சர்க்கரை நோயாளிகள் சிலருக்கு 'சி-பெப்டைடு' பரிசோதனை எழுதிக் கொடுப்பார்கள். இன்சுலின் உடம்பில் முதலில் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் உருவாகிறது. நடுவில் உள்ள துண்டை நொதிகள் 'கிளீவ்' செய்து எடுத்த பிறகுதான் அது வேலை செய்யும் இன்சுலின். அப்படி வெட்டி எடுத்த நடுத்துண்டுதான் சி-பெப்டைடு. மிச்சமுள்ள இரண்டு சங்கிலிகள் கந்தகப் பிணைப்பால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருக்கும். பந்தியில் அந்தப் பையனுக்கு இதைத்தான் சொன்னேன்: உன் பாடத்தில் ஒரே மூலக்கூறில் இரண்டு கிளீவும் நடக்கிறது, போதகரைக் குறை சொல்லாதே.

இன்டர்நெட் கேபிள் இணைக்க வந்தவர் 'கிளீவர்' எடு என்று உதவியாளரிடம் சொன்னாரே, அது என்ன?

கசாப்புக்கடைப் பெருங்கத்திக்கும் அதே பெயர்தான், பயப்பட வேண்டாம். ஃபைபர் கேபிளுக்குள் இருப்பது முடி மாதிரி கண்ணாடி இழை. கத்தரியால் வெட்டினால் முனை நொறுங்கிக் கோணலாகும், வெளிச்சம் சிதறும். கிளீவர் அந்த இழையில் மெலிதாக ஒரு கீறல் போட்டு, வளைத்து, படக்கென்று ஒடிக்கும். முனை கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கும். பிறகு இரண்டு முனைகளையும் மின்பொறியில் உருக்கி 'ஸ்பிளைஸ்' செய்வார்கள், அதாவது ஒட்டுவார்கள். இந்த ஸ்பிளைஸ் என்ற சொல் ஸ்பிளிட்டுக்கு உறவு என்று கருதப்படுகிறது. கயிற்றின் புரிகளைப் பிரித்துப் பின்னினால்தானே இரண்டு கயிற்றை இணைக்க முடியும்.

பூண்டுப் பல்லுக்கும் கிராம்புக்கும் 'கிளோவ்' என்கிறார்களே, இரண்டும் இதிலிருந்து வந்ததா?

பூண்டு மட்டும். பழைய ஆங்கிலத்தில் 'கிளுஃபு', பிளவுபட்ட கிழங்கின் ஒரு பகுதி. பிளக்கிற கிளீவின் பிள்ளை. கிராம்பு வேறு கதை: அது ஆணி மாதிரி இருப்பதால் ஆணிக்கான பிரெஞ்சுச் சொல் 'கிளூ'விலிருந்து வந்தது. பிரியாணிக்கு இரண்டையும் எடுத்து வைத்தால் தட்டில் இன்னொரு கிளீவ் குழப்பம் தயார்.

'கிளெஃப்ட்' வாக்கியம் என்று இலக்கணத்தில் ஒன்று படித்தேன்…

டென்மார்க் மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன் 1937இல் வைத்த பெயர். ஒரு வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பகுதியை முன்னால் தூக்கிக் காட்டுவது. தமிழில் நாம் நாள் முழுக்க இதைச் செய்கிறோம். 'ராமன் நேற்று வந்தான்' என்பதை 'நேற்று வந்தது ராமன்தான்' என்று சொன்னால் அது பிளந்த வாக்கியம். வினையைப் பெயராக்கி ஒதுக்கி வைத்துவிட்டு, யார் என்பதற்கு வெளிச்சம் போடுகிறோம்.

'இன் எ கிளெஃப்ட் ஸ்டிக்' என்றால்?

எந்தப் பக்கமும் நகர முடியாத இக்கட்டு. பாதி பிளந்த கம்பின் வாயில் மாட்டிக்கொண்ட நிலை. நமக்கு விளக்கமே வேண்டாம், ஆப்பசைத்த குரங்கு இருக்கிறது. தச்சர் பாதி பிளந்து ஆப்பு வைத்துவிட்டுப் போன மரத்தில் உட்கார்ந்து ஆப்பைப் பிடுங்கி வாலைக் கொடுத்த கதை. வித்தியாசம் என்னவென்றால், ஆங்கிலத்தில் மாட்டியவர்மேல் பழி இல்லை. நம் குரங்கு தானே வரவழைத்துக்கொண்டது. மொழிபெயர்க்கும்போது அதைப் பார்த்துப் போடுங்கள்.

பெண்களின் உடை பற்றிப் பேசும்போது வரும் 'கிளீவேஜ்'?

அதே சொல்தான். பாறைகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது; மார்பின் இடைவெளிக்கு அச்சில் பரவியது 1946இல், அமெரிக்கத் திரைப்படத் தணிக்கை அலுவலகத்தின் தொழில்மொழியாக. பிரிட்டனிலிருந்து வந்த ஒரு சரித்திரப் படத்தில் கழுத்து இறக்கம் அதிகம் என்று அவர்கள் பிடித்த பிடியில் டைம் இதழ் இந்தச் சொல்லை ஊருக்கெல்லாம் விளக்கிச் சொன்னது. தணிக்கைக்காரர்கள் நிலவியலிலிருந்து சொல் கடன் வாங்கியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

'சாங்ஷன்' என்பதும் இப்படி இரண்டு எதிர்ப் பொருள் உள்ள சொல்தானே?

வெளித்தோற்றத்தில் ஆம். அனுமதி கொடுப்பதும் அதுதான், ஒரு நாட்டின்மேல் தடை போடுவதும் அதுதான். ஆனால் அது பிறவியில் ஒரே சொல். சட்டத்தால் உறுதிசெய்வது என்ற ஒரு பொருளிலிருந்து இரண்டு பக்கமும் கிளைத்தது. தூசி தட்டுவதற்கும் மாவு தூவுவதற்கும் 'டஸ்ட்' என்பதும் அப்படியே. கிளீவ் தலைகீழ்: இரண்டு மரங்கள் உரசி உரசி ஒரே தண்டாகிவிட்டன. இணையத்தில் பட்டியல் போடுகிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறார்கள்.

கிளீவர்ஸ் என்று ஒரு செடியும் உண்டாமே? அது எதைப் பிளக்கும்?

எதையும் பிளக்காது, ஒட்டும். ஐரோப்பிய வேலியோரங்களில் படரும் களை. தண்டிலும் காயிலும் கொக்கி முடிகள். வேட்டியில் நாயுருவி ஒட்டுவது மாதிரி கால்சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். இந்தப் பெயர் ஒட்டுகிற கிளீவின் பக்கம். கத்தி ஒரு கிளீவர், களை ஒரு கிளீவர்ஸ்.

கிளீவ்லாண்ட் நகரத்தின் பெயரும் இதிலிருந்துதானா?

இல்லை. ஒஹாயோவில் 1796இல் அந்த ஊரை நிறுவிய மோசஸ் கிளீவ்லாண்டின் குடும்பப் பெயர் அது. அவர் பெயரில் இருந்த ஒரு 'ஏ' எழுத்து ஊர்ப் பெயரில் பிறகு உதிர்ந்துவிட்டது. அந்தக் குடும்பப் பெயரோ இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பக்கத்து ஒரு வட்டாரத்தின் பெயர். செங்குத்துப் பாறைகள் நிறைந்த நிலம் என்பது பொருள். அங்கே இருப்பது கிளிஃப், கிளீவ் அல்ல.